எச்4 பல்பு மாத்தணும்: 6000கே வெள்ளையா, சாதா மஞ்சளா? ராத்திரி ரோடே தெரியல

கரும்புக்காட்டான் (திருக்கோவிலூர்)

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா படிக்க மட்டும் தான் வருவேன், இன்னிக்கு கேட்டே ஆகணும்னு வந்துட்டேன். வண்டி 2013 பெட்ரோல் ஹேட்ச்பேக், 1,20,000 கிலோமீட்டர் ஓடிருக்கு, ஹெட்லைட் எச்4 ஹாலஜன் பல்பு, சாதா 60/55 வாட்ஸ் (பிரைட்டுக்கு 60, டிம்முக்கு 55). வாரத்துல மூணு நாள் திருவண்ணாமலைல வேல முடிச்சு ராத்திரி 9 மணிக்கு மேல தான் கெளம்புவேன். இப்ப கரும்பு வெட்டு நேரம், ரோடு பூரா டிராக்டர்.

போன செவ்வாக்கெழம எதிர்ல ஒரு பஸ் ஹை பீம்லயே வந்துச்சு, நானும் டிப் அடிச்சு அடிச்சு பாத்தேன் எறக்கவே இல்ல. பஸ் தாண்டின அடுத்த செகண்டு எனக்கு நேர் முன்னாடி கரும்பு லோடு ட்ரெய்லர், பின்னாடி ஒரு செவப்பு லைட்டு கெடையாது, ஸ்டிக்கர் கெடையாது, தோகை தொங்கி ரோட்ட கூட்டிகிட்டு போகுது. 60ல தான் போனேன். ஏறி மிதிச்சு நின்னப்ப பானட்டு மேல தோகை உரசுது. பக்கத்து சீட்ல என் பொண்ணு. அவ அழக்கூட இல்ல, அப்பா லைட்ட மாத்துப்பான்னு மட்டும் சொன்னா. வீடு வந்து சேர்ற வரைக்கும் ஸ்டியரிங் புடிச்ச கை நடுங்கிகிட்டே இருந்துச்சு.

கடைல கேட்டா ஒருத்தர் 6000கே எல்இடி போடுங்க, டப்பாவுல 20,000 லூமன்னு போட்ருக்கு பாருங்கன்றார். இன்னொருத்தர் 100/90 போட்டா பகல் மாதிரி இருக்கும்ன்றார். மூணாவது கடைல ஊதா கோட்டிங் பல்பு, 5000கே, பிரீமியம் வெள்ளைன்றாங்க. மூவாயிரம் வரைக்கும் செலவு பண்ணலாம். எது போட்டா நெஜமா ரோடு தெரியும்?

ஒயிட்லைட்_96 (சென்னை)

ப்ரோ யோசிக்கவே வேணாம், எல்இடி போட்ருங்க. ஜி.பி. ரோட்டு கடைல போட்டேன், 6000கே, அரை மணி நேர வேல, பழச கழட்டி புதுச மாட்டினா முடிஞ்சுது. முதல் நாள் ஈசிஆர்ல எடுத்துட்டு போனப்ப அவ்ளோ வெள்ளையா இருந்துச்சு, ஹாலஜன்லாம் பாத்தா மெழுகுவத்தி மாதிரி இருக்கு இப்ப. கெல்வின் ஜாஸ்தியா இருந்தா பவர் ஜாஸ்தி.

நாமக்கல் ஒயர்மேன்

தம்பி, கெல்வின் ஜாஸ்தின்னா பவர் ஜாஸ்தி இல்லீங்க. அது வெளிச்சத்தோட நெறம், அவ்வளவு தான். 3000 பக்கம் மஞ்சள், 4300 வெள்ளை, 6000 தாண்டினா நீலம் அடிக்கும். வெளிச்சம் எவ்வளவுன்றத லூமன்ல பாக்கணும், அதுல ரோட்டு மேல போய் விழுறது எவ்வளவுன்றது லக்ஸ். இந்த மூணையும் ஒண்ணா போட்டு கொழப்பித்தான் டப்பா மேல எழுதுறாங்க.

நான் இருபத்தெட்டு வருசமா ஆட்டோ எலக்ட்ரீசியன். லாரி பாடி கட்டுற ஊருங்க, ராத்திரி ஓட்டுறவங்க தான் நமக்கு கஸ்டமரு, அதனால லைட்டு விசயத்துல எனக்கு பொறுமை கம்மி, தப்பா எடுத்துக்காதீங்க.

சாதா எச்4 பல்பு 13.2 வோல்ட்ல டிம்முக்கு 1000 லூமன், பிரைட்டுக்கு 1650 லூமன். அதான் கணக்கு. 20,000 லூமன்னு எழுதுறவன் எத்தன வாட்டுன்னும் எழுதிருப்பான் பாருங்க, 50 வாட்டுன்னு இருக்கும். நல்ல எல்இடியே ஒரு வாட்டுக்கு 100, 150 லூமன் தான் குடுக்கும். நீங்களே பெருக்கி பாருங்க.

கரும்புக்காட்டான் தம்பி, பல்பு வாங்கறதுக்கு முன்னாடி ஒரே ஒரு வேல செய்யுங்க. மல்டிமீட்டர் எடுத்து இஞ்சின ஓட விட்டு, ஹெட்லைட்ட போட்டு, பல்பு எரியறப்பவே கப்ளர் (பல்புல ஒயர சொருகற எடம்) பின்னாடி வோல்டேஜ் பாருங்க. கழட்டி வெச்சு பாத்தா சரியாத்தான் காட்டும், லோடு இருக்கறப்ப பாக்கணும். பேட்டரிலயும் பாத்து ரெண்டையும் இங்க எழுதுங்க. அப்பறம் பேசலாம்.

சோலையார் வண்டி (வால்பாறை)

அண்ணன் சொல்றது சரி. நான் வாடகை வண்டி ஓட்றேன், ஆழியாறுல இருந்து மேல 40 கொண்டை ஊசி வளைவு. ரெண்டு வருசம் முன்னாடி நானும் 6000கே ஆசைப்பட்டு போட்டேன். கீழ பொள்ளாச்சி ரோட்ல சூப்பரா இருந்துச்சு. கவர்க்கல் பக்கம் விடியக்காலம் 5 மணிக்கு மஞ்சு, அதான் பனிமூட்டம், எறங்கிருச்சு, லைட்ட போட்டா முன்னாடி வெள்ள வேட்டிய கட்டி தொங்க விட்ட மாதிரி. ரோடும் தெரியல ஓரமும் தெரியல. கண்ணாடிய எறக்கி தலைய வெளிய நீட்டி, பார்க்கிங் லைட்ல ஊர்ந்து வந்தேன். காட்டுமாடு ஒண்ணு ரோட்ட ஒட்டி நின்னுச்சு, அத தாண்டினதுக்கு அப்புறம் தான் எனக்கு அது காட்டுமாடுன்னே தெரிஞ்சுது. அன்னிக்கே கழட்டிட்டேன்.

மஞ்சுக்கு மஞ்ச லைட்டு தான் சாமி.

ஆப்டோம் அக்கா

நான் கண் பரிசோதனை பண்ற வேலைல இருக்கேன். மஞ்சள் வெள்ளைன்னு சண்டை வர்றப்ப ரெண்டு பக்கமும் பாதி உண்மை இருக்கறதால கொஞ்சம் விளக்கமா எழுதறேன்.

பனிமூட்டத்துல இருக்கற நீர்த்துளி ஒளி அலையவிட ரொம்ப பெருசு, அதனால அது நீலத்தையும் மஞ்சளையும் ஏறக்குறைய ஒரே மாதிரி தான் சிதறடிக்கும். மஞ்சள் பனிய துளைச்சிட்டு போகும்னு சொல்றது சரியில்ல. ஃபாக் லைட் நல்லா வேலை செய்றதுக்கு முக்கிய காரணம் அது கீழ பம்பர்ல இருக்கு, மேல போகாம அகலமா வெட்டி அடிக்குது, அதனால திரும்பி நம்ம கண்ணுக்கு வர்ற வெளிச்சம் கம்மி. ஆனா நம்ம கண்ணுக்குள்ள நீல ஒளி அதிகமா கூசும், அதே அளவு வெளிச்சம்னாலும் நீலம் கலந்தா எரிச்சலா தெரியும். மஞ்சள்ல கண்ணுக்கு இதமா இருக்குன்னு டிரைவர்ங்க சொல்றது அதனால தான். பிரான்ஸ்ல இந்த நம்பிக்கைலயே 1993 வரைக்கும் கார் ஹெட்லைட் மஞ்சளா தான் இருக்கணும்னு சட்டமே வெச்சிருந்தாங்க.

இன்னொரு பக்கம், மங்கலான வெளிச்சத்துல கண்ணோட உணர்வு பச்சை மஞ்சள்ல இருந்து நீலப்பச்சை பக்கம் நகரும். அதனால வெள்ளை லைட்ல ரோட்டோரம் அசையறது கொஞ்சம் முன்னாடியே கண்ணுல படறதும் உண்மை. 4000 சுத்துப்பட்டுல இருக்கற வெள்ளைய நான் குறை சொல்ல மாட்டேன். 6000க்கு மேல போனா கிடைக்கறத விட கூச்சம் தான் அதிகம்.

எங்கிட்ட வர்றவங்க செய்ற பெரிய தப்பு வேற. வண்டிக்கு முன்னாடி அஞ்சு பத்து மீட்டர் பளீர்னு இருந்தா லைட் நல்லா இருக்குன்னு நினைச்சுக்கறாங்க. பக்கத்துல பளீர்னு இருந்தா கண்ணோட பாப்பா சுருங்கிடும், தூரத்துல இருக்கற இருட்டுல ஒண்ணும் தெரியாது. கண்ணு இருட்டுக்கு முழுசா பழக இருபது முப்பது நிமிஷம் ஆகும், அத கெடுக்க ஒரு நொடி போதும். கரும்பு ட்ரெய்லர் உங்களுக்கு தெரியாம போனது அந்த பஸ் தாண்டின நொடில தான், இல்லையா?

உங்க வயசு என்ன? கண்ணாடி போடுவீங்களா?

கரும்புக்காட்டான்

அக்கா வயசு 47. கண்ணாடி போடல. அண்ணே நீங்க சொன்ன மாதிரி பக்கத்து வீட்டு தம்பி மீட்டர் எடுத்துட்டு வந்தான். இஞ்சின் ஓடறப்ப பேட்டரில 13.9. பல்புல டிம் போட்டு பாத்தா வலது 11.9, எடது 11.7. நான் மீட்டர் கெட்டுப்போச்சோன்னு நெனச்சு ரெண்டு தடவ பாத்தேன்.

நாமக்கல் ஒயர்மேன்

மீட்டரு நல்லாத்தான் இருக்குங்க. ரெண்டு வோல்ட்ட ஒயரும் ஸ்விட்சும் தின்னுகிட்டு இருக்கு. பேட்டரில இருந்து கேபினுக்கு உள்ள வந்து, ஸ்டியரிங் ஸ்விட்ச் வழியா சுத்தி, திரும்ப முன்னாடி போற மெல்லிசு ஒயரு, பதிமூணு வருச பழசு. இடையில எத்தன கப்ளரு, அத்தனையும் பச்ச பூத்திருக்கும்.

ரெண்டு வோல்ட் தானேன்னு நெனக்காதீங்க. ஹாலஜன் பல்புல வோல்டேஜ் கொஞ்சம் எறங்குனா வெளிச்சம் மடமடன்னு எறங்கும். 13.2க்கு பதிலா 11.8 வந்தா மூணுல ஒரு பங்கு வெளிச்சம் போச்சு, நெறமும் பழுப்பேறிரும். நீங்க கொற சொல்ற அந்த மஞ்ச வெளிச்சம் இருக்கே, அது பாதி பட்டினி கெடக்கற பல்புங்க. அதுக்கு மேல ஊதா கோட்டிங் போட்டா அந்த கோட்டிங்கும் தன் பங்குக்கு வெளிச்சத்த வடிகட்டும். காசு குடுத்து இருட்டு வாங்கற மாதிரி ஆயிரும்.

ரிலே போடுங்க, ஸ்விட்ச் அத தட்டி விட்டா போதும், பல்புக்கு கரண்டு பேட்டரில இருந்து நேரா வரும். பேட்டரி பாசிட்டிவ்ல இருந்து ஃப்யூஸ், அது பேட்டரிய ஒட்டியே இருக்கணும், 20 ஆம்பியர் போதும். டிம்முக்கு ஒண்ணு பிரைட்டுக்கு ஒண்ணு ரெண்டு ரிலே. 2.5 எம்எம் ஒயரு, பீங்கான் ஹோல்டரு, எர்த்துக்கும் புது ஒயரு. பழைய கப்ளரு ரிலேய தட்டி விடறதுக்கு மட்டும். சில வண்டில பாசிட்டிவ் நேரா பல்புக்கு வந்துரும், எர்த் பக்கம் தான் ஸ்விட்ச் ஆகும், உங்குளுது எதுன்னு மொதல்ல பாத்துட்டு மாட்ட சொல்லுங்க, இல்லன்னா பிரைட் டிம் கொழம்பிரும்.

ஒயிட்லைட்_96

அப்போ 100/90 போட்டா முடிஞ்சுதே ண்ணா, எதுக்கு இவ்ளோ கஷ்டம்?

பழைய ஸ்டியரிங் (மதுரை)

தம்பி, அத மட்டும் செஞ்சுறாதீங்க. நான் செஞ்சு பாத்தவன். அரசு பஸ்ல முப்பத்தோரு வருசம் ஓட்டி ரிட்டயர்டு ஆயிட்டேன், இது சொந்த கார்ல நடந்தது. மகன் கல்யாணத்துக்கு பத்திரிக்க வைக்க திருச்சி பக்கம் போயிட்டு ராத்திரி திரும்புறேன், துவரங்குறிச்சி தாண்டி பிளாஸ்டிக் கருகுற வாட அடிச்சுச்சு. வெளிய இருந்து வருதுன்னு கண்ணாடிய ஏத்துனேன். அடுத்த அஞ்சு நிமிசத்துல ரெண்டு லைட்டும் அணைஞ்சு போச்சு. நாலு வழிச்சால, பின்னாடி கண்டெய்னர் லாரி வருது, எனக்கு முன்னாடி ஒண்ணுமே தெரியல. இண்டிகேட்டர் வெளிச்சத்துல ஓரங்கட்டுனேன். பானட்ட தெறந்து பாத்தா ஹோல்டரு உருகி பல்போட ஒட்டிக்கிட்டு இருக்கு, ஒயரு ஒன்றர அடிக்கு தோலுரிஞ்சு செம்பு தெரியுது. ரிஃப்ளெக்டர்ல பாதி பூச்சு பொரிஞ்சு போச்சு, அது மறுபடி பளபளப்பே ஆகல.

55 வாட்டுக்கு போட்ட ஒயர்ல 90 வாட்ட இழுத்தா அப்படித்தான் ஆகும். மாட்டி விட்ட கடைக்காரர் ஒரு வார்த்த சொல்லல. நானும் கேக்கல.

அப்புறம் எதிர்ல வர்றவுங்க கதி என்னன்னு யோசிங்க. அந்தக் காலத்துல செக்போஸ்ட்ல நிப்பாட்டி ஹெட்லைட் நடுவுல கறுப்பு பெயிண்ட்ட வட்டமா அடிச்சு விட்டுருவாங்க, கூசக்கூடாதுன்னு. இப்ப அந்தப் பொட்டையும் காணோம், டிம் பண்ற பழக்கத்தையும் காணோம். எதிர்ல ஒருத்தர் ஹை பீம்ல வந்தா அவரு லைட்டப் பாக்காதீங்க. நம்ம எடது பக்க ஓரத்து வெள்ளக் கோட்டப் பாத்துக்கிட்டே வாங்க, கால ஆக்சிலேட்டர்ல இருந்து எடுத்துருங்க. வெளிச்சத்த விட அது தாண்டுனதுக்கு அப்புறம் வர்ற இருட்டு தான் பொல்லாதது. 80ல போனா ஒரு செகண்டுக்கு 22 மீட்டர் போயிருவீங்க, கண்ணு தெளியறதுக்குள்ள ரெண்டு லாரி நீளம் தாண்டியிருக்கும்.

ஒயிட்லைட்_96

சாரி ப்பா, அது தெரியாது. ஆனா எல்இடில வாட்ஸ் கம்மி, சூடும் முன்னாடி வராது, ஒயரும் உருகாது. அதுல என்ன தப்பு? புது கார்ல கம்பெனியே எல்இடி தானே குடுக்கறான்.

நாமக்கல் ஒயர்மேன்

நல்ல கேள்விங்க. கம்பெனி எல்இடி குடுக்கறப்ப டூமையே, அதான் ரிஃப்ளெக்டரோட சேத்து மொத்த ஹெட்லைட் கூட்டையே, எல்இடிக்குன்னு செஞ்சு குடுக்கறான், அது அருமையா இருக்கும், நான் ஒண்ணும் சொல்லல. உங்க வண்டி டூம் ஹாலஜன் ஃபிலமெண்டுக்காக வளைச்சது.

ஒரு பழைய எச்4 பல்ப கைல எடுத்து வெளிச்சத்துல புடிச்சு பாருங்க. கண்ணாடிக்குள்ள ரெண்டு ஸ்ப்ரிங் மாதிரி கம்பி இருக்கும். டிம் கம்பிக்கு அடில மட்டும் சின்னதா ஒரு தகர தொட்டி, கரண்டி மாதிரி. அந்த தொட்டி வெளிச்சத்த கீழ போக விடாது, ரிஃப்ளெக்டர்ல மேல் பாதிக்கு மட்டும் தான் போகும், மேல் பாதி அத ரோட்டுக்கு எறக்கி விடும். செவுத்துல அடிச்சா மேல இருட்டு கீழ வெளிச்சம்னு கத்தில வெட்டின மாதிரி கோடு தெரியுதே, அது இந்த தொட்டி வேல. எல்இடில சிப்பு கம்பி இருந்த எடத்துலயே, அதே நீளத்துல, அதே தடிமன்ல இருக்கணும். ஒரு மில்லிமீட்டர் தள்ளி இருந்தாலும் வெட்டு போயிரும், வெளிச்சம் எதிர்ல வர்றவன் கண்ணுக்கும் மரத்து மேலயும் போகும். ரோட்டுக்கு கம்மியாத்தான் வரும். உங்களுக்கு பக்கத்துல பளீர்னு இருக்கும், அக்கா சொன்ன மாதிரி அது ஏமாத்து.

இன்னிக்கு ராத்திரி செவுத்துக்கு முன்னாடி நிறுத்தி டிம் போட்டு பாருங்க தம்பி.

ஒயிட்லைட்_96

பாத்தேன் ண்ணா. கோடே இல்ல. மொட்ட மாடி கைப்பிடி வரைக்கும் வெளிச்சம் போகுது. எதிர்ல வர்றவங்க எல்லாரும் டிப் அடிச்சிட்டே இருந்தாங்க, நான் வெள்ள லைட்டு பாத்து அடிக்கறாங்கன்னு நெனச்சேன். பழைய பல்பு வீட்ல தான் இருக்கு, நாளைக்கே மாத்திடறேன்.

சோலையார் வண்டி

பெரிய மனசு தம்பி. நானும் இதே தான் பண்ணேன்.

அண்ணே ஒரு டவுட்டு. பிலிப்ஸ், ஆஸ்ராம்ல 100 சதவீதம், 130 சதவீதம் அதிகம்னு போட்டு ஒரு ஹாலஜன் வருதே, அது நெஜமா?

நாமக்கல் ஒயர்மேன்

நெஜம் தான், ஆனா அந்த சதவீதம் மொத்த வெளிச்சத்துக்கு இல்லீங்க. வாட்ஸ் அதே 60/55 தான். கம்பிய மெல்லிசா, நெருக்கமா, துல்லியமா சுத்தி, உள்ள கேஸ் அழுத்தத்த கூட்டிருப்பாங்க. ரோட்டுல ஒரு குறிப்பிட்ட புள்ளில அவ்வளவு ஜாஸ்தி விழும்னு கணக்கு. தூரம் நல்லாவே தெரியும், நான் வெச்சிருக்கேன். ஆனா ஆயுசு கம்மி, சாதா பல்பு ஓடறதுல பாதி கூட ஓடாது. வோல்டேஜ் 14க்கு மேல போற வண்டில இன்னும் சீக்கிரம் போயிரும். ஜோடியா வாங்கி, ஒரு சாதா பல்பு டேஷ்போர்டுல போட்டு வெச்சுக்கங்க. மாட்டறப்ப கண்ணாடில கை படக்கூடாது, வெரல் எண்ண பட்ட எடம் சூட்டுல வெந்து வெடிச்சிரும், துணில புடிச்சு மாட்டுங்க.

கரும்புக்காட்டான் தம்பிக்கு: மொதல்ல ரிலே, அப்பறம் டூம் கண்ணாடி. 2013 வண்டின்னா மஞ்சளா தேஞ்சு போயிருக்கும், அது கண்ணாடி இல்ல, பாலிகார்பனேட், வெயில்ல மேல் பூச்சு செத்துரும். தண்ணி பேப்பர் போட்டு தேச்சு பாலிஷ் பண்ணி, மேல யூவி கோட்டிங் அடிக்க சொல்லுங்க. கோட்டிங் இல்லாம பாலிஷ் மட்டும் பண்ணா கொஞ்ச மாசத்துல திரும்ப மஞ்சளாயிரும். அதுக்கப்பறம் பல்பு, கோட்டிங் இல்லாத சுத்த கண்ணாடி பல்பு, 60/55. கடசியா ஃபோகஸ்.

ஃபோகஸ் வீட்லயே பாக்கலாம். சமமான தரை, நாலு டயர்லயும் காத்து சரியா, டிரைவர் சீட்ல ஒருத்தர உக்கார வைங்க, டேஷ்போர்டுல லெவல் திருகி இருந்தா 0ல. செவுத்த ஒட்டி வண்டிய நிறுத்தி ஹெட்லைட் நடு உயரத்துக்கு செவுத்துல டேப்பு ஒட்டிட்டு, நேரா 5 மீட்டர் பின்னாடி வாங்க. டிம் போட்டா வெட்டுக்கோடு டேப்புக்கு 5 சென்டிமீட்டர் கீழ விழணும். வலது பக்கம் கோடு படுத்திருக்கும், எடது பக்கம் மட்டும் மேல ஏறும், நம்மூருக்கு அப்படித்தான், ஓரத்துல நடந்து வர்றவங்கள காட்டறதுக்கு. அது தலகீழா இருந்தா டூம் வேற நாட்டு சரக்கு. பின்னாடி ஆளும் மூட்டையும் ஏத்துனா லெவல 2, 3க்கு திருகுங்க, இல்லன்னா டிம்மே ஹை பீம் மாதிரி தூக்கிக்கும்.

ஆப்டோம் அக்கா

தம்பி, 47 வயசுல ஒரு தடவ கண்ணு பாத்துடுங்க. சின்ன கிட்டப்பார்வை பவர் இருந்தா பகல்ல ஒண்ணும் தெரியாது, ராத்திரி பாப்பா விரியறப்ப தான் எல்லாம் மங்கும். வயசாக ஆக பாப்பா விரியறதும் குறையும், லென்ஸும் பழுப்பாகும், 60 வயசு கண்ணுக்குள்ள போற வெளிச்சம் 20 வயசு கண்ணுல மூணுல ஒரு பங்கு தான். நைட் டிரைவிங்குனு விக்கற மஞ்சள் கண்ணாடி வாங்காதீங்க, அது வர்ற வெளிச்சத்தையும் குறைக்கும். முன் கண்ணாடிய உள்பக்கம் துடைங்க, அதுல ஒரு மெல்லிசு எண்ணெய்ப் படலம் இருக்கும், எதிர் லைட் பட்டா அது தான் வெள்ளையா பரவுது.

கரும்புக்காட்டான்

பதினெட்டு நாள் கழிச்சு வர்றேன், மன்னிக்கணும், வேல.

கண்ணு பாத்தேன் அக்கா. ரெண்டு கண்ணுலயும் மைனஸ் 0.75. நான் நம்பவே இல்ல. கண்ணாடி போட்டு ராத்திரி வெளிய வந்தா தெரு லைட்ட சுத்தி இருந்த வட்டமே காணோம், இத்தன நாள் எல்லாருக்கும் அப்படித்தான் தெரியும்னு நெனச்சிட்டு இருந்தேன்.

ரிலே விழுப்புரத்துல போட்டேன். பழைய கப்ளர கழட்டினப்ப நடு முள்ளு கறுத்துப் போய் இருந்துச்சு, எலக்ட்ரீசியன் கைல வெச்சு காட்டினார். டூம் பாலிஷ், யூவி கோட்டிங், சாதா 60/55 ஒரு ஜோடி, எல்லாம் சேத்து மூவாயிரத்துக்குள்ள அடங்கிடுச்சு. செவுத்துல டேப்பு ஒட்டி பாத்தா என் எடது லைட்டு தரைய பாத்து கெடந்துருக்கு, எத்தன வருசமா தெரியல.

நேத்து ராத்திரி அதே ரோடு. மணலூர்பேட்டை தாண்டி, டிம்லயே, முன்னாடி கரும்பு ட்ரெய்லர் தோகை ஆடறது நல்ல தூரத்துலயே தெரிஞ்சுது. பொண்ணு தான் மொதல்ல காட்டினா. நிதானமா பின்னாடியே போயி டிராக்டர்கார அண்ணன நிறுத்தி, வண்டில வாங்கி வெச்சிருந்த செவப்பு ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர் ரெண்ட பின்னாடி கட்டைல ஒட்டி விட்டுட்டு வந்தேன். அவரும் ஒண்ணும் சொல்லல, டார்ச் புடிச்சுகிட்டு நின்னார்.

ஒயர்மேன் அண்ணே, இப்ப வலது 13.4, எடது 13.0 காட்டுது. இந்த வித்தியாசம் பரவால்லையா?

நாமக்கல் ஒயர்மேன்

ரொம்ப சந்தோசங்க. எடது பக்கம் எர்த் சரியா புடிக்கல. போல்ட்ட கழட்டி, அடில இருக்கற பெயிண்ட்ட உப்புத்தாள் போட்டு தகரம் தெரியற வரைக்கும் தேச்சு, ரிங் டெர்மினல் வெச்சு இறுக்கி மேல கொஞ்சம் கிரீஸ் தடவுங்க. 13.3 வந்துரும். வந்ததும் எழுதுங்க.